சென்சோஜிக்கு விடிகாலையில் போங்கள்

டோக்கியோவில், அசகுசாவில் இருக்கும் சென்சோஜி கோயிலுக்குப் போகப்போகிறேன் என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, "எத்தனை மணிக்கு?" என்பதுதான். பத்து மணிக்கு மேல் போனால் கடைத்தெருவைப் பார்த்துவிட்டு வரலாம். கோயிலைப் பார்க்க வேண்டுமென்றால் காலை ஆறு மணிக்கு மண்டபத்தின் முன்னால் நிற்க வேண்டும். இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறந்துவிடாதீர்கள்.

நான் முதல் தடவை போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். வாயிலிலிருந்து மண்டபம் வரை கூட்டமே தள்ளிக்கொண்டு போய்ச் சேர்த்தது, எந்த இடத்திலும் அரை நிமிடம் நிற்க முடியவில்லை. இரண்டாவது தடவை அம்மாவோடு போனேன். அவள் ஊரிலிருந்து வந்து பத்து நாள் ஆகியிருந்தது, இந்த ஊர் நேரம் பழகி, வழக்கம்போல நாலரைக்கே எழுந்து குளித்துத் தயாராக உட்கார்ந்திருந்தாள். "சும்மா இருக்கிறதுக்கு ஏதாவது கோயிலுக்காவது கூட்டிட்டுப் போயேன்ப்பா" என்றாள். முதல் ரயில்களில் ஒன்றைப் பிடித்துப் போனோம். அன்றைக்குத்தான் அந்த இடம் எனக்குக் கோயிலாகத் தெரிந்தது. அதற்கப்புறம் நண்பர்கள் யார் வந்தாலும் அந்த நேரத்துக்குத்தான் அழைத்துப் போகிறேன்.

கோயில் மைதானத்துக்குக் கதவு கிடையாது, எந்த நேரமும் நடக்கலாம். பிரதான மண்டபம் காலை 6 மணிக்குத் திறந்து மாலை 5 மணிக்கு மூடும். அக்டோபர் முதல் மார்ச் வரை மட்டும் ஆறரைக்குத் திறக்கும். நுழைவுக் கட்டணம் எதுவும் இல்லை.

போவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய கதை

இங்கே மூலவரைப் பார்க்க முடியாது. இதைத் தெரியாமல் போனால் நம்மூர்க்காரர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும், ஏனென்றால் நமக்குக் கோயில் என்றாலே தரிசனம்தான்.

கதை இப்படி. 628ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் தேதி, ஹினோகுமா குடும்பத்து அண்ணன் தம்பி இரண்டு பேர் சுமிதா ஆற்றில் வலை வீசிக்கொண்டிருந்தார்கள். வலையில் மீனுக்குப் பதிலாக ஒரு சிறு சிலை வந்தது. ஊர்ப் பெரியவர் ஒருவர் அதைப் பார்த்து, இது கன்னோன் என்று சொல்லி, தன் வீட்டையே கோயிலாக்கினார். பிறகு 645இல் ஷோகாய் என்ற பிக்கு வந்து மண்டபம் கட்டினார், சிலையைக் கண்ணில் படாமல் மறைத்து வைக்கச் சொன்னார். அன்றிலிருந்து அது மறைவாகவே இருக்கிறது. பூசை செய்யும் பிக்குகளும் பார்த்ததில்லை. அதற்குப் பதிலாக முன்னால் நிற்க இன்னொரு சிலை உண்டு, 9ஆம் நூற்றாண்டில் என்னின் என்ற பெரிய துறவி செய்ததாகச் சொல்வார்கள். அதையும் வருடத்தில் ஒரே ஒரு நாள், டிசம்பர் 13ஆம் தேதி மட்டும்தான் திறந்து காட்டுகிறார்கள்.

கன்னோன் என்பது வேறு யாருமில்லை, பௌத்தத்தில் கருணையின் வடிவான போதிசத்துவர் அவலோகிதேசுவரர். பழைய தமிழ் பௌத்த மரபில் அகத்தியர் தமிழைக் கேட்டு அறிந்ததே இந்த அவலோகிதரிடம்தான் என்று சொல்வார்கள், அதனால் நமக்கு அவர் அவ்வளவு ஒன்றும் அந்நியர் இல்லை. ஜப்பானில் அவருடைய முழுப்பெயர் கன்செயோன். உலகத்தின் குரல்களைக் கவனிப்பவர் என்று பொருள். அன்றைக்கு மண்டபத்துக்குள் நின்று அம்மா, "சாமி எங்கப்பா?" என்று கேட்டபோது இதைத்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தவள், "அப்போ சொன்னாப் போதும்னு சொல்லு" என்றாள். அதற்கு மேல் கேட்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள்.

போய்ச் சேர்வது

அசகுசா என்ற பெயரில் நான்கு ரயில் நிலையங்கள் இருக்கின்றன, குழப்பம் இங்கேதான் தொடங்கும். டோக்கியோ மெட்ரோவின் கின்சா லைன், தோயெய் அசகுசா லைன், தோபு ரயில் இந்த மூன்றும் ஆற்றுப் பக்கம் அருகருகே இருக்கின்றன; சுகுபா எக்ஸ்பிரஸ் என்ற நான்காவது மட்டும் தனியாக மேற்கே தள்ளி இருக்கிறது. பெயர் ஒன்றுதானே என்று அதில் இறங்கினால் கோயிலின் பக்கவாட்டில் வந்து சேர்வீர்கள், முன்வாசல் தவறிப்போகும். உயேனோ பக்கம் தங்கியிருந்தால் கின்சா லைன்தான் சுலபம். ஆசியாவின் முதல் சுரங்க ரயில் பாதை இது, 1927 டிசம்பரில் முதன்முதலாக ஓடியது இந்த உயேனோ, அசகுசா துண்டில்தான். 1ஆம் எண் வெளிவாசலில் ஏறினால் முன்வாசல் ஒரு நிமிட நடை. ஹனேதா, நரிதா இரண்டு விமான நிலையங்களிலிருந்தும் தோயெய் அசகுசா லைனுக்குள் நேராக வந்து சேரும் ரயில்கள் உண்டு. பெட்டியோடு வருபவர்களுக்கு அது வசதி, நிலையத்தில் காசு போட்டுப் பூட்டும் அலமாரிகள் இருக்கின்றன, பெட்டியை அதில் வைத்துவிடுங்கள்.

சில்லறை கண்டிப்பாக வேண்டும். ரயிலுக்கு அட்டையைத் தட்டிவிட்டுப் போய்விடலாம், ஆனால் கோயிலுக்குள் எல்லாமே நாணயத்தில்தான் நடக்கும். 100 யென் நாணயம் ஐந்தாறு, 5 யென் நாணயம் இரண்டு மூன்று எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 5 யென்னுக்கு ஜப்பானிய மொழியில் "கோஎன்" என்று பெயர், அதே ஒலியில் நல்ல தொடர்பு, நல்ல பந்தம் என்ற பொருளும் வரும். அதனால்தான் உண்டியலில் அதைப் போட விரும்புகிறார்கள். நடுவில் ஓட்டை உள்ள மஞ்சள் நாணயம், உடனே தெரியும்.

வாயில்

முன்வாசலின் பெயர் கமினாரிமோன், இடி வாசல். எதிரே நின்று பார்த்தால் வலது பக்கம் காற்றுக் கடவுள், இடது பக்கம் இடிக் கடவுள். நடுவில் தொங்கும் சிவப்பு விளக்கு 3.9 மீட்டர் உயரம், கிட்டத்தட்ட 700 கிலோ எடை. பகலில் எல்லோரும் அதற்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு அப்படியே நகர்ந்துவிடுகிறார்கள். நீங்கள் அதன் நேர் கீழே போய் நின்று தலையைத் தூக்கிப் பாருங்கள். அடிப்பாகத்தில் வட்டமான சட்டத்துக்குள் மரத்தில் செதுக்கிய டிராகன் ஒன்று சுருண்டு கிடக்கும், செதில் செதிலாக. காலையில் அங்கே யாரும் இருக்க மாட்டார்கள், கழுத்து வலிக்கும்வரை பார்க்கலாம்.

இந்த வாயில் 1865இல் தீயில் போனது. அதற்கப்புறம் 95 வருடம் இங்கே வாயிலே இல்லை! 1960இல் இப்போது இருக்கும் வாயிலைக் கட்டிக் கொடுத்தவர் பானசோனிக் நிறுவனத்தைத் தொடங்கிய மாட்சுஷிதா கோனோசுகே. உடல்நலம் தேறியதற்கு நன்றியாகக் கட்டிக் கொடுத்தார். விளக்கு காகிதம் ஒட்டியது என்பதால் பத்து வருடத்துக்கு ஒரு தடவை புதிதாகச் செய்கிறார்கள். இப்போது தொங்குவது 2020இல் வந்தது.

உள்ளே நுழையும் முன் வாயிலில் நின்று லேசாகத் தலை குனியுங்கள். வாசல்படியில் கட்டை இருந்தால் மிதிக்காமல் தாண்டுங்கள். இதெல்லாம் நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வாயிலைத் தாண்டினால் நகாமிசே, 250 மீட்டர் நீளத்துக்கு இரண்டு பக்கமும் சின்னச் சின்னக் கடைகள், மொத்தம் தொண்ணூறு வரை இருக்கும். ஆறு மணிக்கு எல்லாம் மூடியிருக்கும், அதுவும் ஒரு லாபம்தான். கடைகளின் ஷட்டர்களில் அசகுசாவின் திருவிழாக்களையும் பருவங்களையும் வரிசையாக வரைந்து வைத்திருக்கிறார்கள். பகலில் வருபவர்கள் யாரும் அந்த ஓவியங்களைப் பார்க்கவே முடியாது. நடந்துகொண்டே ஒரு பக்கம் பார்த்துவிட்டுப் போங்கள், திரும்பும்போது மறுபக்கம்.

அடுத்து இரண்டாவது வாயில், ஹோசோமோன். இரண்டடுக்கு, பெரியது, 1964இல் மறுபடி கட்டியது. இதைக் கடந்ததும் நேரே மண்டபத்தைப் பார்த்துப் போய்விடாமல் திரும்பிப் பாருங்கள். வாயிலின் பின்பக்கச் சுவரில் வைக்கோலால் பின்னிய ஒரு ஜோடி ராட்சதச் செருப்பு தொங்கும். ஒவ்வொன்றும் 4.5 மீட்டர் நீளம், 500 கிலோ. வடக்கே யமகாதா மாகாணத்தில் முராயாமா என்ற ஊர் மக்கள் பின்னிக் கொண்டுவந்து கொடுப்பது. இவ்வளவு பெரிய செருப்பைப் போடுகிறவர் உள்ளே இருக்கிறார் என்று பார்த்துக் கெட்டவை எல்லாம் ஓடிவிடுமாம். காலுக்குப் பலம் வரும் என்று அதன் அடிநுனியைத் தொட்டுக்கொள்வார்கள். அன்று எங்களுக்கு முன்னால் ஒரு பாட்டி, தள்ளுவண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு வந்து, வைக்கோலைத் தொட்டு அதே கையால் தன் முழங்காலைத் தடவிக்கொண்டார். அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் நகர்ந்ததும் போய் அதே மாதிரி செய்துவிட்டு வந்தாள், இரண்டு முழங்காலுக்கும்.

தண்ணீரும் புகையும்

மண்டபத்துக்கு முன்னால் வலது பக்கம் கை கழுவும் தொட்டி இருக்கும். நடுவில் டிராகன் அரசனின் வெண்கலச் சிலை, தகமுரா கோஉன் என்ற பெரிய சிற்பி செய்தது. மேலே கூரையின் உட்பக்கத்திலும் டிராகன் ஓவியம் உண்டு. வரிசை இதுதான்: அகப்பையை வலது கையில் எடுத்துத் தண்ணீர் மொண்டு இடது கையைக் கழுவுங்கள், கை மாற்றி வலது கையைக் கழுவுங்கள், மறுபடி வலது கையில் பிடித்து இடது உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி வாயைக் கொப்பளியுங்கள். அகப்பையில் நேராக வாய் வைக்கக் கூடாது, தொட்டிக்குள்ளும் துப்பக் கூடாது, கீழே ஓடும் வாய்க்காலில் மெதுவாக விடுங்கள். கடைசியாக இடது கையை இன்னொரு தடவை கழுவி, மிச்சத் தண்ணீர் கைப்பிடி வழியாக வழியும்படி அகப்பையை நிமிர்த்திக் கவிழ்த்து வைக்க வேண்டும். இது எல்லாம் ஒரே அகப்பைத் தண்ணீரில் முடிய வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. கொப்பளிக்க மனமில்லை என்றால் கையை மட்டும் கழுவுங்கள், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

அப்புறம் புகை. மண்டபத்துக்கு நேர் எதிரே கூரை போட்ட பெரிய வெண்கலத் தூபக்கலம் நிற்கும். பக்கத்திலேயே ஊதுபத்திக் கட்டு விற்கிறார்கள், 100 யென். நம் ஊதுபத்தி மாதிரி உள்ளே குச்சி இருக்காது, மூலிகையும் பட்டையும் சேர்த்து அரைத்துச் செய்த சன்னமான பத்தி, பச்சையாக, ஒரு காகிதப் பட்டை சுற்றியிருக்கும். மொத்தக் கட்டையும் அங்கேயே இருக்கும் நெருப்பில் பற்றவைத்து, சுடர் அணையும்படி மறுகையால் விசிறுங்கள். வாயால் ஊதி அணைக்கக் கூடாது. சாம்பலில் செருகிவிட்டு, வரும் புகையைக் கையால் இழுத்து, உடம்பில் எங்கே நோவு இருக்கிறதோ அங்கே தடவிக்கொள்ள வேண்டும். படிக்கும் பிள்ளைகள் தலையில் தடவிக்கொள்வார்கள். நாம் கற்பூர ஆரத்தியைக் கண்ணில் ஒற்றிக்கொள்வதைப் போலத்தான், அதனால் நம்மவர்கள் கூச்சமில்லாமல் செய்வார்கள். காலையில் முதல் கட்டைச் செருகுபவர் நீங்களாக இருந்தால் அந்தச் சாம்பல் எவ்வளவு மழமழவென்று சமன்செய்து வைத்திருக்கிறார்கள் என்று பார்ப்பீர்கள்.

மண்டபத்துக்குள்

படியேற முடியாதவர்களுக்கு மண்டபத்தின் இடது பக்கம் லிஃப்ட் உண்டு. வெளி மண்டபத்தில் செருப்பைக் கழற்ற வேண்டியதில்லை, இது அம்மாவுக்குக் கொஞ்சம் உறுத்தலாகத்தான் இருந்தது. அகலமான மர உண்டியல், மேலே சட்டம் போட்டிருக்கும். காசை வீசாமல் கையைத் தாழ்த்தி விடுங்கள். தலை குனியுங்கள், இரண்டு கையையும் கூப்புங்கள், சொல்ல வேண்டியதைச் சொல்லுங்கள், மறுபடி தலை குனிந்துவிட்டு விலகுங்கள். இங்கே கை தட்டக் கூடாது. கை தட்டுவது ஜப்பானின் பழைய மதமான ஷின்டோவின் கோயில்களில் உள்ள வழக்கம், பௌத்தக் கோயிலில் ஓசையில்லாமல் கூப்பினால் போதும். அவர்கள் முணுமுணுப்பது "நமு கன்செயோன் போசாட்சு". நமு என்பது நம் நமோ, போசாட்சு என்பது போதிசத்துவர். ஒரு தடவை கேட்டாலே நாக்கில் வந்துவிடும்.

தலையைத் தூக்கிக் கூரையைப் பாருங்கள். நடுவில் டிராகன், கவபாதா ரியூஷி வரைந்தது. இரண்டு பக்கமும் தாமரைப் பூக்களோடு வானத்து மங்கையர், தோமோதோ இன்ஷோ வரைந்தது. பிறகு "அஞ்சாமையைத் தருதல்" என்று பொருள் தரும் மூன்றெழுத்துப் பலகை ஒன்று உள்ளே தொங்குகிறது. அபயம் என்று நாம் ஒரே சொல்லில் சொல்வோம். சன்னிதியில் கன்னோனுக்கு இரண்டு பக்கமும் நிற்பவர்கள் யார் என்று கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள்: போன்தென், தைஷாகுதென். அதாவது பிரம்மாவும் இந்திரனும்.

காலையில் மண்டபம் திறந்ததும் பெரிய முரசு அதிர, பிக்குகள் வரிசையாக வந்து உட்கார்ந்து சூத்திரம் ஓதுவார்கள். இது காலை பத்து மணிக்கும் மதியம் இரண்டு மணிக்கும்கூட உண்டு. ஆனால் அதிகாலையில் ஓதும்போது நகரம் இன்னும் பேச ஆரம்பித்திருக்காது, முரசின் அடி நெஞ்சுக்கூட்டில் கேட்கும். பாய் விரித்த உட்பகுதி திறந்திருந்தால் செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாகப் போய் உட்காரலாம். காலை மடக்கிக்கொள்ளுங்கள், சன்னிதியைப் பார்த்து நீட்டிவிடாதீர்கள். உள்ளே படம் எடுக்கக் கூடாது. வெளி மண்டபத்திலும் கும்பிட்டுக்கொண்டிருப்பவர்களின் முகத்தை எடுக்காமல் இருப்பதுதான் மரியாதை.

சீட்டு எடுப்பது

ஓமிகுஜி என்னும் குறிச்சீட்டு எடுக்காமல் யாரும் திரும்புவதில்லை. ஆள் யாரும் நிற்கமாட்டார்கள், உண்டியல் துளையில் 100 யென் போட்டுவிட்டு நீங்களே எடுக்க வேண்டியதுதான். அறுகோண வடிவில் ஒரு உலோகக் குடுவை இருக்கும், கனமாக. கேட்க நினைப்பதை மனதில் வைத்துக்கொண்டு குலுக்கி, கவிழ்த்தால், அடியில் உள்ள சிறு ஓட்டை வழியாக ஒரே ஒரு மெல்லிய குச்சி எட்டிப்பார்க்கும். அதில் ஜப்பானிய எழுத்தில் எண் இருக்கும். ஒரு கோடு ஒன்று, இரண்டு கோடு இரண்டு, மூன்று கோடு மூன்று, கூட்டல் குறி மாதிரி இருந்தால் பத்து. மற்றவை தெரியவில்லை என்றால் குச்சியைப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு எதிரே உள்ள மர இழுப்பறைகளில் அதே உருவம் எங்கே என்று தேடுங்கள். அதை இழுத்து ஒரு தாளை மட்டும் எடுத்துவிட்டு மூடி, குச்சியை மறக்காமல் குடுவைக்குள் போட்டுவிடுங்கள், அடுத்தவருக்கு நூறு குச்சியும் இருக்க வேண்டும். தாளில் ஆங்கிலத்திலும் எழுதியிருக்கும்.

சென்சோஜியில் கெட்ட சீட்டு அதிகமாக வரும் என்று ஜப்பான் முழுக்கப் பேச்சு. பேச்சு உண்மைதான். பழைய முறைப்படி நூறு சீட்டில் முப்பது "கெட்டது", இவர்கள் அதை அப்படியே மாற்றாமல் வைத்திருக்கிறார்கள். மிக நல்லது என்பது பதினேழு. எனக்கு இந்த நேர்மை பிடித்திருக்கிறது. கெட்டது வந்தால் பதற வேண்டாம், தாளை நீளவாக்கில் மடித்துப் பக்கத்தில் உள்ள கம்பியில் ஒரு முடிச்சுப் போட்டுக் கட்டிவிட்டு வந்தால் அது அங்கேயே தங்கிவிடும். நல்லது வந்தால் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள்.

மண்டபத்தோடு திரும்பிவிடாதீர்கள்

இங்கே நீங்கள் பார்க்கும் பெரிய கட்டடங்கள் பழையவை இல்லை, இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். 1649இல் கட்டிய மண்டபம் 1923 நிலநடுக்கத்தையும் அதன் தீயையும் தாங்கி நின்றது, அக்கம்பக்கத்து மக்கள் இங்கேதான் வந்து ஒதுங்கினார்கள். ஆனால் 1945 மார்ச் 10 அதிகாலை நடந்த குண்டுவீச்சில் மண்டபமும் ஐந்தடுக்குக் கோபுரமும் எரிந்துபோயின. இப்போதைய மண்டபத்தை 1958இல் கான்கிரீட்டில் எழுப்பினார்கள், கூரை ஓடுகள் 2010 வாக்கில் டைட்டானியத்துக்கு மாறின. கோபுரம் 1973. அதன் உச்சி அடுக்கில் இலங்கை அனுராதபுரத்தின் இசுருமுனி விகாரை கொடுத்த புத்தர் தாது இருக்கிறது.

தப்பித்தவையும் உண்டு, அவை பக்கத்திலேயே இருந்தும் கூட்டம் அங்கே போவதில்லை. மண்டபத்துக்கு வலது பக்கமாக நடந்தால் நிதென்மோன் என்ற சிவப்பு வாயில், 1618ஆம் ஆண்டு. அதன் தூணில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், நானூறு வருட மரம். அதற்குப் பக்கத்தில் அசகுசா ஷின்டோ கோயில், 1649. சிலையை எடுத்த அந்த அண்ணன் தம்பியும் ஊர்ப் பெரியவரும்தான் இங்கே தெய்வங்கள். இங்கே முறை மாறும்: இரண்டு தடவை குனிந்து, இரண்டு தடவை கை தட்டி, மறுபடி ஒரு தடவை குனிய வேண்டும்.

பிறகு தெற்கே ஒரு சின்ன மேடு, பென்தென்யாமா. பென்தென் என்றால் சரஸ்வதி. இங்கே இருப்பவள் நரைமுடியோடு வயதானவளாக இருப்பதால் அவளைக் கிழவி பென்தென் என்று கூப்பிடுகிறார்கள். மேட்டில் 1692இல் வார்த்த மணி ஒன்று தொங்குகிறது, தினமும் காலை ஆறு மணிக்கு அடிப்பார்கள். சீக்கிரம் வந்துவிட்டால் முதலில் இங்கே நின்று மணியைக் கேட்டுவிட்டு மண்டபத்துக்குப் போகலாம், கோடையில் இரண்டும் ஒரே நேரம் என்பதால் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். குளிர்காலத்தில் மண்டபம் ஆறரைக்குத் திறப்பதால் இரண்டும் கிடைக்கும்.

கோயில் முத்திரை சேகரிப்பவர்கள் மண்டபத்துக்கு இடது பக்கம் உள்ள யோகோதோ என்ற மண்டபத்துக்குப் போக வேண்டும். கோஷுயின் என்பார்கள், சிவப்பு முத்திரை மேல் தூரிகையால் கோயில் பெயரையும் தேதியையும் எழுதித் தருவது. அதற்கென்று விற்கும் மடிப்புப் புத்தகத்தில்தான் வாங்க வேண்டும், சாதாரண நோட்டை நீட்டக் கூடாது. கும்பிட்டுவிட்டுத்தான் கேட்க வேண்டும் என்பது மரபு. இந்த இடம் ஆறு மணிக்குத் திறக்காது, எட்டு மணிக்கு மேல் போங்கள்.

எந்த நாளில் போகலாம், எந்த நாளைத் தவிர்க்கலாம்

புத்தாண்டின் முதல் மூன்று நாளும், மே மாதம் மூன்றாம் வாரக் கடைசியில் வரும் சஞ்சா திருவிழாவும் கூட்டம் பிடித்தவர்களுக்கு மட்டும். முதியவர்களோடு போகாதீர்கள். ஜூலை 9, 10 இரண்டு நாளும் எனக்குப் பிடித்தவை. அந்த நாளில் வந்து கும்பிட்டால் 46,000 நாள் வந்த புண்ணியம் என்று நம்பிக்கை. ஒரு படி அரிசியில் அத்தனை மணி இருக்கும், ஜப்பானிய மொழியில் "ஒரு படி" என்பதும் "ஒரு ஆயுள்" என்பதும் ஒரே ஒலி, அதனால் வந்த எண் என்று சொல்வார்கள். கணக்குப் போட்டால் 126 வருடம். அன்றைக்குக் கோயில் வளாகம் முழுக்க ஆரஞ்சுக் காய் தொங்கும் தக்காளி வகைச் செடியைத் தொட்டியோடு விற்பார்கள், ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு கண்ணாடி மணி, காற்றடித்தால் நூற்றுக்கணக்கில் ஒலிக்கும். மார்ச் 18, அக்டோபர் 18 தேதிகளில் பொன் டிராகன் ஆட்டம் உண்டு.

சாப்பாடு பற்றி நிறையச் சொல்ல மாட்டேன். எட்டரை ஒன்பதுக்கு மேல் கடைகள் ஒவ்வொன்றாகத் திறக்கும். சிவப்புப் பயறு இனிப்பு உள்ளே வைத்துச் சுடும் நிங்யோயாகி சூடாக நன்றாக இருக்கும், மாவில் முட்டை சேரும் என்பதால் சுத்த சைவக்காரர்கள் கேட்டு வாங்குங்கள். கமினாரி ஒகோஷி என்பது நம் பொரி உருண்டைக்கு ஜப்பானிய உறவு, வீட்டுக்கு வாங்கிப் போக அதுதான் சரி, கெடாது. எதை வாங்கினாலும் கடைக்கு முன்னாலேயே நின்று சாப்பிட்டுவிட்டு, காகிதத்தை அந்தக் கடையிலேயே கொடுத்துவிட்டு நகருங்கள். நகாமிசேயில் தின்றுகொண்டே நடக்க வேண்டாம் என்று எழுதியே போட்டிருக்கிறார்கள்.

வெளியே வந்ததும் வாயிலில் திரும்பி நின்று மண்டபத்தின் பக்கம் பார்த்து ஒரு தடவை குனியுங்கள். அப்புறம் ஒன்பது மணி ஆகிவிட்டதென்றால் சாலையைக் கடந்து எதிரே இருக்கும் அசகுசா சுற்றுலாத் தகவல் மையத்துக்குப் போங்கள். மரச்சட்டங்கள் அடுக்கிய எட்டு மாடிக் கட்டடம், கெங்கோ குமா வடிவமைத்தது. எட்டாவது மாடிக்கு லிஃப்டில் இலவசமாகப் போகலாம். ஒரு பக்கம் ஆறும் அதற்கு அப்பால் 634 மீட்டர் ஸ்கைட்ரீ கோபுரமும் தெரியும், ஆனால் நீங்கள் மறுபக்கம் நில்லுங்கள். இடி வாசலில் தொடங்கி நகாமிசேயின் கூரைகள் இரண்டு கோடாக நேரே மண்டபம் வரை போகும். நாங்கள் நின்றபோது ஷட்டர்கள் ஏறிக்கொண்டிருந்தன, முதல் கொடியைத் தூக்கிக்கொண்டு ஒரு வழிகாட்டி வாயிலுக்குள் நுழைந்தார், அவர் பின்னால் நாற்பது பேர். அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு கோயில் பக்கமே பார்த்தாள். அந்தப் புகை இன்னும் ஏறுகிறதா என்று கேட்டாள். ஏறிக்கொண்டுதான் இருந்தது.